பங்குனிக்கு மறுநாள்

(திருச்சிராப்பள்ளியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன. அவையை விளித்துப் பேசிய இடங்கள் அப்படியே விடப்பட்டுள்ளன.)



திருச்சியை விட்டு வெளியே போய்ப் பல காலம் ஆனவர்களிடம் ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் முதலில் மலைக்கோட்டை வரும், அடுத்து ராஜகோபுரம் வரும். அது விருந்தாளிக்குச் சொல்லும் பதில். இன்னும் கொஞ்சம் பேசவிட்டுப் பாருங்கள். காவிரியில் தண்ணீர் இல்லாத மணல், அதில் கிரிக்கெட், மொட்டைமாடியில் பாய் போட்டுப் படித்த பரீட்சைப் பாடம், முற்றத்தில் உலர்த்திய வேப்பம்பூ, ஜாடியில் சுருங்கிக்கொண்டிருந்த மாவடு என்று பேச்சு இறங்கிவிடும். இந்தப் பட்டியலை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே மாசியின் பின்பாதி தொடங்கிப் பங்குனி முடிவதற்குள் அடங்கிவிடுகின்றன. ஆடிப்பெருக்கு இதைவிடப் பெரிய நாள். மார்கழிக்கு இதைவிடப் பெரிய பெயர். ஆனால் ஏக்கம் வந்து உட்காரும் இடம் இந்த ஆறு வாரம்தான்.

ஏன் அப்படி என்பதுதான் இன்றைய உரையின் கேள்வி. பதிலை முன்கூட்டியே சொல்லிவிடலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலும் அவற்றின் கரைகளிலும் உள்ள இந்த ஊர்களில், பிரிவும் திரும்பிவருதலும் பங்குனியோடு பிணைக்கப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. அதைப் பிணைத்தது முதலில் வானிலை, பிறகு பாட்டு, பிறகு கோயில், கடைசியாக அரசாங்க உத்தியோகம். ஏக்கம் பிறப்பது திருவிழா நாளில் அன்று, அதன் மறுநாள். இதை ஐந்து பகுதிகளாகப் பிரித்துச் சொல்ல முயல்கிறது இவ்வுரை.

1

வானிலைத் துறையின் கணக்கில் நமக்கு வசந்தம் என்று ஒன்று கிடையாது. ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். மார்ச் பிறந்தால் கோடை. தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகளிலும் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. ஸ்ரீரங்கம் கோயிலின் வசந்த உற்சவமோ வைகாசியில் நடக்கிறது. அப்போது இந்த ஊரில் வசந்தத்தைத் தேட வேண்டியிருக்கும், வெயிலைத் தேட வேண்டியதில்லை. ஆகவே பனி போகிற, வேனில் வருகிற இந்த ஆறு வாரத்துக்கு எந்த ஏட்டிலும் சரியான பெயர் இல்லை.

பெயர் இல்லாவிட்டாலும் உடம்புக்குத் தெரியும். திருச்சியில் பிப்ரவரிப் பகலின் சராசரி உச்ச வெப்பம் 33 டிகிரியை ஒட்டி இருக்கும். மார்ச்சில் 35-ஐத் தாண்டும். ஆனால் விடியற்காலம் இன்னும் 21, 23 என்ற அளவிலேயே நிற்கும். பகலுக்கும் விடியலுக்கும் இடையே 12 டிகிரி வித்தியாசம். மேகம் இல்லாத வானம், ஈரம் குறைந்த காற்று. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவு முழுக்க விட்டுவிடுகிறது. நண்பகலில் விசிறி தேடியவர் நாலு மணிக்குப் போர்வை தேடுவார். ஒரே நாளில் இரண்டு பருவத்தையும் அனுபவிக்கும் மாதம் ஆண்டில் இது ஒன்றுதான்.

ஆற்றைப் பார்ப்போம். மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தபின், பாசனத்துக்காக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கமாயிற்று. நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின்னாகும். மூடிய சில நாளில் முக்கொம்புக்குக் கிழக்கே மணல் தலைகாட்டத் தொடங்கும். மாசி பிறக்கும்போது அம்மா மண்டபப் படித்துறைக்கு எதிரே ஆறு ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். பங்குனியில் அதுவும் ஒடுங்கும். ஊரின் உயிர் என்று சொல்லப்படும் ஆறு, ஆண்டுதோறும் ஊரை விட்டுப் போகும் மாதங்கள் இவை.

மரங்கள்தான் இதில் முக்கியமான சாட்சி. ஐரோப்பியக் கவிஞனுக்கு இலை உதிர்வது ஒரு பருவம், பூ மலர்வது வேறொரு பருவம். இரண்டுக்கும் நடுவே ஆறு மாதமும் ஒரு பனிக்காலமும் கிடக்கின்றன. அதனால் அங்கே இழப்பின் கவிதைகள் இலையுதிர் காலத்திலும் நம்பிக்கையின் கவிதைகள் வசந்தத்திலும் குவிந்தன. நம் வேம்பையும் புங்கையும் பாருங்கள். வறட்சிக்கு அஞ்சி மாசியில் பழுத்த இலையைக் கொட்டுகின்றன. கொட்டி முடிக்குமுன்னே செந்தளிர் விடுகின்றன. அதன் பின்னாலேயே பூ. கொள்ளிடக் கரையில் ஒரு புங்கை மரத்தடியில் நின்றால் காலடியில் சருகும் உதிர்ந்த பூவும் கலந்து கிடக்கும். மேலே புதுத்தளிர் வெயிலில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும். போவதும் வருவதும் ஒரே மரத்தில், ஒரே பதினைந்து நாளில் நடக்கின்றன. மனம் எதையாவது நினைத்து இளகுவதற்கு இதைவிடத் தோதான சூழல் வேண்டியதில்லை.

பிற நாட்டார் இந்த மாதத்தைத் தம் நாட்டுக் கணக்கில் வாசித்து ஏமாந்ததும் உண்டு. கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் இதே திருச்சியில் காலை வழிபாட்டை முடித்து, வெப்பம் தணியக் குளியல் தொட்டியில் இறங்கியவர் உயிரோடு வெளியே வரவில்லை. அவர் பிறந்த ஊரில் ஏப்ரல் 3 என்பது மேலங்கியோடு உலாவப் போகும் நாள். புனித யோவான் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் பெயரில் அமைந்த கல்லூரியின் மாணவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

2

வானிலை சூழலை மட்டும்தான் தரும். அதை உணர்ச்சியாக ஆக்குவது மொழி. அந்த வேலை இங்கே சங்க காலத்திலேயே நடந்துவிட்டது.

அகநானூற்றின் 137-ஆம் பாட்டு உறையூர் முதுகூத்தனார் பாடியது. பாலைத் திணை. தலைவன் பிரியப் போகிறான் என்று உணர்ந்து தலைவி வாடுகிறாள். அந்த வாட்டத்தைத் தோழி சொல்கிறாள். தலைவியின் நெற்றி ஒளி இழந்துவிட்டது என்பதுதான் செய்தி. அதற்குப் புலவர் எடுத்துக்கொண்ட உவமைதான் இன்றைய உரைக்கு அடிப்படை. உறையூரை ஒட்டிய பேராறு, அதன் வெண்மணல், நறுமணம் வீசும் குளிர்ந்த சோலை. அங்கே பங்குனி விழா நடந்து முடிந்துவிட்டது. அதற்கு மறுநாள். பூவும் இலையும் நெருங்கிய மரக்கூட்டத்தின் நடுவே, ஆற்றிடைத் திட்டில், விழாவுக்கு வந்தவர்கள் சமைத்த அடுப்புகள் நெருப்பு இல்லாமல் கிடக்கின்றன. அந்த வெறுமையைப் போல இருக்கிறது இவள் நெற்றி என்கிறாள் தோழி.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, இடம் துல்லியமானது. அந்த ஆற்றிடைத் திட்டையே இன்றைய திருவரங்கமாகக் கொள்வாரும் உண்டு, பொதுவாக ஆற்று நடுவிலுள்ள மேடு என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் உறையூரிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இரண்டு, காலமும் துல்லியமானது. கரையை இடிக்கும் வெள்ளம் உடைய ஆறு என்று அதைச் சொன்ன புலவர், பங்குனியில் நமக்குக் காட்டுவது மணலை. மேட்டூர் அணைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பும் பங்குனிக் காவிரி மணல் காட்டியது என்பதற்கு அவர் சாட்சி.

மூன்றாவதுதான் பெரிது. விழாவைப் பாடுவது எளிது. கூட்டம், இசை, மாலை என்று பொருள் நிறையக் கிடைக்கும். முதுகூத்தனார் அதைத் தொடவில்லை. எல்லோரும் போனபின் அந்த இடத்துக்குப் போய் அடுப்பைப் பார்க்கிறார். அடுப்பு என்பது ஒரு குடும்பம் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதன் அடையாளம். கல் இருக்கிறது, கரி இருக்கிறது, ஆள் இல்லை. ஓர் இடத்தில் வாழ்ந்துவிட்டுப் போவது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன உவமை தமிழில் வேறு உண்டா என்று ஆய்வாளர்கள் தேடிச் சொல்லட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் கோவலன் பிரிந்தபின் மாதவி மடல் எழுதும் பகுதிக்கு வேனிற்காதை என்று பெயர். புகாரை விட்டுப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு இந்த அரங்கத்தைக் கடந்து உறையூருக்கு வந்துதான் மதுரைக்கு நடக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர்கள் நடந்த பாதைதான் நம்முடைய பாதை.

3

அடுத்தது கோயில் நாட்காட்டி. ஸ்ரீரங்கத்தின் பங்குனித் திருவிழாவை ஆதி பிரம்மோற்சவம் என்பார்கள். கொஞ்சம் விலகி நின்று பார்த்தால், அந்தத் திருவிழா முழுவதுமே வெளியூர்ப் பயணமும் வீடு திரும்பலுமாகக் கட்டப்பட்டிருப்பது தெரியும்.

மூன்றாம் திருநாளில் உற்சவரான நம்பெருமாள் ஜீயபுரம் போகிறார். ஜீயபுரம் காவிரியின் தென்கரையில், கரூர்ச் சாலையில் உள்ள ஊர். அங்கே போவதற்கு ஊரார் சொல்லும் காரணம் ஒரு பாட்டியின் கதை. பாட்டிக்கு ஒரே பேரன். பெயர் ரங்கன். முகம் மழித்துக்கொண்டு ஆற்றில் குளிக்கப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி சோற்றை வைத்துக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்று கூப்பிட்டபடி காத்திருக்கிறாள். பேரன் வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நிஜப் பேரன் ஈரத்துணியோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே சாப்பிட்டவன் மறைந்துவிட்டான். அந்த நினைவாகத்தான் இன்றும் ஜீயபுரத்தில் அவருக்குப் பழைய சோறும் மாவடுவும்.

மாவடு சும்மா வந்து சேரவில்லை. மாமரம் தையில் பூத்து, மாசியில் பிஞ்சு பிடிக்கும். பங்குனிக் காற்றில் பிஞ்சு உதிரும். விரற்கடை அளவில், காம்போடு, வெடிப்பில்லாத வடுவாகப் பொறுக்கி எடுத்துக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் மஞ்சளும் போட்டு ஜாடியில் குலுக்கி வைப்பார்கள். தினம் ஒரு தரம் குலுக்க வேண்டும். நாலைந்து நாளில் வடு தண்ணீர் விட்டுத் தோல் சுருங்கும். ஊறி முடித்ததைக் கடித்தால் முதலில் உப்பு, பிறகு காரம், கடைசியில் கொட்டைக்குள்ளிருந்து ஒரு துவர்ப்பு. வடு கிடைக்கிற காலம் சில வாரம்தான். அதற்குள் வாங்கி ஜாடியை நிரப்பாத வீட்டுக்கு ஆண்டு முழுக்க அந்தக் குறை இருக்கும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு டப்பாவில் அடைத்து அனுப்பத் தோதான பண்டமும் இதுவே.

ஆறாம் திருநாள் உறையூர். கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம் ஆயில்யம். அன்று நம்பெருமாள் ஆற்று வழியாகவே உறையூர் சேர்ந்து நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். ஆற்றில் பெருவெள்ளம் ஓடும் மாதத்தில் இந்தப் பயணத்தை வைத்திருக்க முடியாது. மூன்று நாள் கழித்து உத்திரம். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயாரின் திருநட்சத்திரம். தாயார் படிதாண்டாப் பத்தினி, தம் சன்னதி வளாகத்தை விட்டு வெளியே எழுந்தருளுவதே இல்லை. ஒருவர் ஊர் ஊராகப் போகிறார், ஒருவர் வாசல் தாண்டுவதில்லை. திரும்பி வந்தவருக்குக் கதவு அடைக்கப்படுகிறது. பூப்பந்து எறிவதும் வாதாடுவதுமாக ஊரார் மட்டையடி என்று சொல்லும் பிரணய கலகம் நடக்கிறது. நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்தபிறகுதான் கதவு திறக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், அன்றுதான், இருவரும் சேர்ந்து அமர்கிறார்கள். இராமானுசர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்ததும் ஒரு பங்குனி உத்திரச் சேர்த்தியில் என்பது வைணவ மரபு. அவரும் சோழனுக்கு அஞ்சி ஊரை விட்டுப் போய் மேல்கோட்டையில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்தான்.

கொள்ளிடத்துக்கு வடக்கே இதே கணக்கு வேறு தெய்வத்தின் பெயரில் நடக்கிறது. சமயபுரம் மாரியம்மன் முன்பு ஸ்ரீரங்கத்தில் இருந்தவள், அங்கிருந்து கண்ணனூருக்குக் கொண்டுபோகப்பட்டவள் என்பது தலவரலாறு. உறவு முறியவில்லை. தைப்பூசத்தில் கொள்ளிடத்தில் தீர்த்தவாரிக்கு வருகிறவளுக்கு அண்ணனான அரங்கநாதர் வீட்டிலிருந்து சீர் வருகிறது. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் அம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள். பச்சைப்பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் வழக்கமான சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், நீர்மோர், பானகம் இவைதாம்.

அவையோர் இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அகநானூற்றில் நெருப்பில்லாத அடுப்பு, ஜீயபுரத்தில் பழைய சோறு, சமயபுரத்தில் சமைக்காத படையல், மூன்றும் பங்குனியை ஒட்டியவை. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லும் துணிச்சல் இந்த உரைக்கு இல்லை. வெயில் ஏறும் மாதத்தில் அடுப்பைத் தவிர்ப்பது இயல்பு என்றே முடித்துவிடலாம். ஆனாலும் பத்துக் கல் சுற்றளவுக்குள் ஒரே மாதத்தில் மூன்று முறை அடுப்பு அணைகிறது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் போயிருக்கிறார் அல்லது யாருக்காகவோ ஒருவர் காத்திருக்கிறார்.

4

மேலே சொன்னவை ஆண்டுதோறும் வந்துபோகும் பிரிவுகள். ஒரு முறை பிரிவு 48 ஆண்டு நீடித்தது.

1323-இல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது மூலவருக்கு முன்னே கல்சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே போயிற்று. முதியவரான வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் அந்தக் கூட்டத்தோடு போய், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் வழியிலேயே காலமானார். உற்சவர் கேரளம் வழியாகச் சுற்றி, மேல்கோட்டையில் தங்கி, திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தார். விஜயநகரத் தளபதி கோபணர் 1371-இல் அவரைத் திரும்ப அழைத்துவந்து ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளச் செய்தார். அதற்குக் கோயிலில் கல்வெட்டு இருக்கிறது. திரும்பிவந்தது வைகாசியில். பங்குனிக் கொள்கைக்கு வசதியாக இதைத் திருத்திச் சொல்ல முடியாது.

வந்தபின் நேர்ந்த சிக்கலை ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி செய்து வைத்து வழிபட்டிருக்கிறார்கள். இப்போது இரண்டு. பழையவர் எவர்? பழையவரைக் கண்ணால் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். கடைசியில் ஒரு முதிய வண்ணார் அகப்பட்டார். ஈரங்கொல்லி என்று ஒழுகு அவரைக் குறிக்கிறது. கண்பார்வை போய்விட்டது. அந்நாளில் பெருமாளின் ஈர ஆடையைத் துவைத்தவர், துவைக்குமுன் அந்த ஆடையின் தீர்த்தத்தை அருந்தும் வழக்கம் உடையவர். இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைத் தீர்த்தத்தைத் தனித்தனியே கொடுத்தார்கள். ஒன்றில் கஸ்தூரியின் பழைய மணம். "இவரே நம்பெருமாள்" என்றார் கிழவர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தக் கதையை வரலாறாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஏக்கத்தைப் பற்றிய ஆய்வுக்கு இது தங்கம். அர்ச்சகர் அடையாளம் காட்டவில்லை, அதிகாரி காட்டவில்லை, ஏடு காட்டவில்லை. துணி துவைத்தவர் நாக்கும் மூக்கும் காட்டின. மணத்தின் செய்தி மூளையில் பிற புலன்களைப் போலத் தாலமஸ் வழியாகச் சுற்றாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகப் போகிறது என்று இன்றைய நரம்பியல் சொல்கிறது. ஒழுகை எழுதியவருக்கு அதைச் சொல்லித்தர யாரும் வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பாவில் இதே விஷயம் மருத்துவர்கள் கையில் சிக்கியது. 1688-இல் பாசல் நகரில் யோகானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வெளிநாடு போன சுவிஸ் நாட்டார்க்கு வரும் ஊர் ஏக்கத்தை ஒரு நோயென்றே எழுதினார். சில காலம் கழித்து ஷாய்க்ட்சர் என்ற சுவிஸ் அறிஞர் அதற்குக் காரணம் காற்றழுத்தம் என்றார். மலைக்காற்றுக்குப் பழகிய உடம்பு சமவெளியின் கனத்த காற்றில் அழுந்திப்போகிறதாம். கணக்குத் தப்பு. ஆனால் பிறந்த ஊரின் காற்றிலேயே ஏக்கத்தின் வேரைத் தேடிய அளவில் அவர் நம் ஈரங்கொல்லிக்குச் சற்றே உறவுக்காரர்.

48 ஆண்டுப் பிரிவுக்கு ஊர் செய்த பதில் என்ன? விஜயநகர இளவரசர் விருப்பண்ணர் பெயரால் 1383-இல் சித்திரையில் இன்னொரு திருவிழா. விருப்பன் திருநாள் என்றே இன்றும் பெயர். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து குடியானவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிறையும் திருவிழா அது. பங்குனி முடிந்த வெறுமையைச் சித்திரை நிரப்புகிறது.

5

கடைசியாக நம் காலம். இதில் தெய்வம் இல்லை, மாற்றல் உத்தரவு இருக்கிறது.

திருச்சி பிறந்தவர்களின் ஊர் என்பதைவிட, வந்து தங்கிப்போனவர்களின் ஊர். புனித வளனார் கல்லூரி 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. ராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை அங்கே படித்தார். ரயில்வே பணிமனையும் நாகப்பட்டினத்திலிருந்துதான் 1920களின் கடைசியில் பொன்மலைக்கு வந்தது. 1960களில் பெல் தொழிற்சாலை வந்து, கைலாசபுரத்தில் ஒரு முழு நகரியமே எழும்பியது. கல்லூரியில் நாலு வருஷம், குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம். இரண்டுக்கும் பொதுவான விதி, காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பூர்வீக வீட்டை விற்றவர் போய்த் திண்ணையையாவது பார்க்கலாம். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு, தான் நடை பழகிய கூடத்தில் இப்போது வேறொரு குடும்பத்தின் சைக்கிள் நிற்கும்.

இங்கேதான் நாட்காட்டி மறுபடியும் வருகிறது. அரசு வேலையிலும் வங்கியிலும் ரயில்வேயிலும் மாற்றல் என்றால் குடும்பம் பிள்ளைகளின் முழுப்பரீட்சைக்குக் காத்திருக்கும். ஏப்ரல் கடைசியிலோ மே மாதமோ லாரி வரும். அப்படியானால் ஓர் ஊரில் ஒரு பிள்ளை வாழ்ந்த கடைசி முழு மாதங்கள் எவை? மாசியும் பங்குனியும்தான். பொதுத்தேர்வும் அதே மார்ச்சில். படிப்பு விடுமுறையில் காலை நாலு மணிக் குளிரில் எழுந்து மாடியில் படித்தது, குயில் கத்தியது, கீழே வேப்பம்பூ உதிர்ந்தது எல்லாம் ஊரின் கடைசிக் காட்சிகளாகத் தங்கிவிடுகின்றன. வேறு ஊரில், வேறு மாநிலத்தில், ஒரு பிப்ரவரிக் காலையில் அதே வறண்ட குளிர் மூக்கில் ஏறும்போது எது நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை எல்லா ஊரிலும் பெய்தது, எந்த ஊரின் கடைசியாகவும் அது இல்லை.

எழுத்தில் இதற்குப் பெரிய சாட்சி சுஜாதா. 1935-இல் சென்னையில் பிறந்த ரங்கராஜன், தந்தைக்கு ஊர் ஊராக மாற்றல் ஆனதால் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். புனித வளனாரில் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போய், பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். கவிஞர் வாலிக்கும் இயற்பெயர் ரங்கராஜன், அவரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அந்த ஊரில் தெருவில் நின்று ரங்கா என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்! ஜீயபுரத்துப் பாட்டியின் சிக்கல் புரிகிறது.

சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளை "பால்ய கால நினைவு" என்ற ஒற்றைச் சொல்லால் கட்டிவைப்பது விமர்சகர்களின் வழக்கம். அது பாதி உண்மை. அந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஒருவர் போய்விடுவதில்தான் முடிகின்றன. செத்துப்போகிறார், கல்யாணமாகிப் போகிறார், ஊரை விட்டு ஓடிப்போகிறார், அல்லது கதைசொல்லியே போய்விடுகிறான். பெங்களூரில் மின்னணுக் கருவிகளோடு இருந்த மனிதர், இளமையின் கும்மாளத்தைச் சொல்வதுபோல் சொல்லி, அணைந்த அடுப்பில் கொண்டுவந்து நிறுத்துகிறார். முதுகூத்தனாரை நினைத்து அப்படி எழுதியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஊர், ஒரே ஆற்றுமணல். உவமை தானே அகப்பட்டிருக்கும்.

இந்த உரைக்கு ஒரு மறுப்பும் எழக்கூடும். ஏக்கம் வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு அல்லவா, பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்களுக்குத்தானே மாவடு கண்ணீர் வரவழைக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஈரங்கொல்லியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து 48 ஆண்டு ஒரு மணத்தை வைத்திருந்தார். வெளியூர் போனவர்களின் ஏக்கத்தை எழுதிக் குவித்திருக்கிறோம். போகாமல் தங்கியவர்களின் ஏக்கம், மணல் அள்ளி ஆறு பள்ளமானதைக் கரையிலிருந்தே பார்த்தவர்களின் ஏக்கம், இன்னும் ஏடேறவில்லை.

அறக்கட்டளையாருக்கும் இங்குள்ள மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பங்குனி உத்திரம் சூரிய மாதத்தையும் நட்சத்திரத்தையும் கொண்டு கணிக்கப்படுவது, ஆகவே அது பங்குனிக்குள் முன்பின்னாகுமே தவிர, அந்த மாதத்தை விட்டு நகராது. மரம் வெப்பத்தைக் கேட்டுப் பூப்பது. பூமி சூடேறிவரும் இந்நாளில் இரண்டும் எவ்வளவு காலம் சேர்ந்து வரும் என்பதை யாராவது குறித்துவைத்தால்தான் தெரியும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காந்தி மார்க்கெட்டுக்கு முதல் வடு வந்த தேதி, அதன் படி விலை, கொள்ளிடக் கரைப் புங்கையில் முதல் பூ உதிர்ந்த தேதி, வேம்பு தளிர்த்த தேதி, அம்மா மண்டபத்துக்கு எதிரே மணல் தெரிந்த தேதி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டுக்கு ஒரு பக்கம் போதும். தாவரவியல் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து ஒரு வகுப்பு மாணவர்களிடம் இதை ஒப்படைக்கலாம். அவர்கள் படித்து முடித்து ஊரை விட்டுப் போகும்போது அடுத்த வகுப்பு வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த மாசி பிறப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது, நோட்டுப் புத்தகம் வாங்கிவிடலாம்.